சுருள்முடிக்காரி

டாரன்டுலாவை முதன்முதலாகப் பார்ப்பவர் கண்ணில் அதன் அளவு மட்டும்தான் படும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி என்றதுமே மனம் திடுக்கிட்டு நின்றுவிடுகிறது. கொஞ்சம் பொறுத்து, மேசை விளக்கைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அப்போதுதான் முடி தெரியவரும்.

நான் சொல்லப்போவது கோஸ்டா ரிகா, நிகராகுவா, ஹோண்டுராஸ் பக்கம் மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு சிலந்தியைப் பற்றி. கார்லோஸ் வலேரியோ 1980-இல் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். வளர்ப்பவர்கள் வாயில் அதன் பெயர் கர்லி ஹேர். உடம்பெல்லாம் கறுப்புக் கலந்த அடர்பழுப்பு. அந்தக் கருமையின் மேல் குட்டையான, நெருக்கமான முடி ஓர் அடுக்கு. அதை ஊடுருவிக்கொண்டு மேலே வரும் நீளமுடி இன்னோர் அடுக்கு. இது வெளிறிய பொன்னிறம். இந்த நீளமுடியில் ஒன்றாவது நேராக நிற்க வேண்டுமே! அடியில் நிமிர்ந்து கிளம்பி, பாதி தூரத்தில் தன் போக்குக்கு ஒரு பக்கம் சாய்ந்து, நுனியில் வளைந்துவிடுகிறது. பின்னங்கால்களில் மிக அடர்த்தி. வயிற்றின் மேல் சற்றே கலைந்தாற்போல் இருக்கும். தலையும் மார்பும் ஒன்றாய்ச் சேர்ந்த முன்னுடம்பை மூடியிருக்கும் ஓட்டில் மட்டும் முடி படிந்து கிடக்கிறது. அங்கே வெளிச்சம் பட்டால் வெண்கலப் பளபளப்பு. விளக்கை இரண்டு விரற்கடை நகர்த்துங்கள், அந்தப் பளபளப்பு அடங்கி வேறொரு காலில் பொன்னிறம் எழும்பும்.

டெக்சாஸில் இருக்கும் என் தங்கை மகள் இதற்குச் சுருள்முடிக்காரி என்று பெயர் வைத்திருக்கிறாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதைத் தேர்ந்து கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. "அண்ணா, பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி வேண்டாமாம், டாரன்டுலாதான் வேணுமாம். எதை வாங்கறதுன்னு நீயே சொல்லேன்" என்று தங்கை போனில் கேட்டாள். ஆபத்து பற்றி எனக்குப் பெரிய கவலை எழவில்லை. டாரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக நம்பகமான பதிவு எதுவும் இல்லை. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த வகைகளின் கடி பெரும்பாலும் குளவி கொட்டிய அளவோடு நின்றுவிடும். என் யோசனையெல்லாம் அந்தக் குழந்தை எதை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பாள் என்பதில்தான் இருந்தது. டாரன்டுலா கூப்பிட்டால் வராது. விளையாடாது. வளர்த்தவரை அடையாளம் கண்டுகொள்ளாது. அது தரும் இன்பம் பார்ப்பது ஒன்றுதான். ஆகவே பார்க்கப் பார்க்கப் புதிதாக ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கிற சிலந்தியாக அது இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஊர்வனவற்றுக்கென்று கண்காட்சிகள் நடக்கின்றன. நீளமான மேசைகளில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிலந்தியை வைத்திருப்பார்கள். குழந்தைகளின் கண் அங்கே முதலில் போவது மெக்சிகோவின் ரெட் நீ மேல். கறுப்புக் காலில் மூட்டுக்கு மூட்டு ஆரஞ்சும் சிவப்பும். அதன் அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த அழகுக்காகவே காட்டிலிருந்து வகைதொகையில்லாமல் பிடிக்கப்பட்டு, 1985-இல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்த சிலந்தி அது. ஆனால் மிக மெல்ல வளரும். சீண்டினால் முடியை உதறும் சுபாவமும் உண்டு. சிலி நாட்டு ரோஸ் ஹேர் ஒரு காலத்தில் எல்லார் வீட்டுக்கும் முதல் சிலந்தியாகப் போனது. நல்ல சாதுதான், ஆனால் மாதக்கணக்கில் உண்ணாமல் ஒரே இடத்தில் இருந்துவிடும். ஒன்பது வயதுப் பொறுமைக்கு அது பெரிய சோதனை. கரீபியன் கடலின் மார்ட்டினிக் தீவில் மரத்தில் வாழும் ஒரு வகை இருக்கிறது. குட்டியாக இருக்கும்போது உடம்பு முழுக்க நீலம், வளர்ந்தபின் பச்சையும் சிவப்புமாக மாறிவிடும். கண்ணைப் பறிக்கும் நிறம். ஆனால் மூடியைத் திறந்ததும் தாவிவிடக்கூடியது.

கர்லி ஹேர் இவற்றின் நடுவில் மங்கலாகத்தான் தெரியும். நன்றாகச் சாப்பிடும், நிதானமாக நடக்கும், வீட்டின் சாதாரண வெப்பமே அதற்குப் போதும், விலையும் கைக்கு அடக்கம். பெற்றோர் சம்மதிக்க இந்தக் காரணங்கள் போதும். எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. ரெட் நீயின் அழகில் பாதி முதல் பார்வையிலேயே கிடைத்துவிடுகிறது. இதன் அழகு நெருங்கி உட்கார்ந்தவருக்கு மட்டும்தான்.

நான் டெக்சாஸ் போயிருந்தபோது குழந்தை பெட்டிமுன் முட்டிபோட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். "மாமா, புஸ்தகத்துல தப்பா போட்டிருக்கு. இதுக்கு எட்டு இல்ல, பத்துக் கால்!" எண்ணியதில் தவறில்லை. முன்னால் இருக்கிற குட்டை ஜோடி மட்டும் கால்கள் அல்ல. இரையைப் பிடிக்கவும் மண்ணைத் தடவிப் பார்க்கவும் வாய்க்குத் துணையாக இருக்கும் கைகள் என்று சொல்லலாம். வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடியில் அவளே கண்டுபிடித்தாள். கால் ஒவ்வொன்றும் ஏழு துண்டு; கையில் ஒரு துண்டு குறைவு. காலின் நுனியில் இரண்டு நகம், கையில் ஒன்று. அந்த நகங்கள் உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடியவை. தளத்தில் நடக்கும்போது முடிக்குள் மறைந்திருக்கும், மரப்பட்டையில் ஏறும்போது வெளியே வரும். நகத்துக்குக் கீழே பாதத்தில் அடர்ந்த முடிப்படுகை. அதிலுள்ள ஒவ்வொரு முடியும் நுனியில் இன்னும் நுண்ணிய இழைகளாகப் பிரிந்திருக்கிறது. இவ்வளவு கனத்த சிலந்தி வழவழப்பான கண்ணாடியில் கால் ஊன்றி நிற்பது அந்த இழைகளின் பலத்தில்தான்.

அது நடக்கும் நடை ஓர் அற்புதம். காலை மடக்குவதற்குச் சிலந்திக்குத் தசை உண்டு. முக்கியமான இரண்டு மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்புக்குள் இருக்கும் திரவத்தை அழுத்திக் காலுக்குள் செலுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. நம் ரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை அந்தத் திரவத்தில் செம்பு செய்கிறது. அதனால் அதற்கு மெல்லிய நீலச்சாயல். கால் ஒன்றைத் தூக்கி, காற்றில் ஒரு கணம் நிறுத்தி, நுனியால் தொட்டுப் பார்த்து, பிறகு பாரத்தை அதன்மேல் இறக்குகிற அந்த நிதானத்துக்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது. கூச்ச சுபாவத்தால் வந்த நிதானம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், விஷயம் தெரிந்ததும் ஒவ்வொரு மூட்டாக நீள்வதைக் கவனிக்கத் தொடங்கினாள். வயிறு மெல்லிய தோலால் ஆனது. கீழே விழுந்து அது கிழிந்தால் திரவம் வெளியேறி உயிர் போய்விடும். கர்லி ஹேருக்கு உயரமான பெட்டி கூடாது என்பதற்கு அதுவே காரணம். மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் நடுவே அதன் கால்விரிப்பில் ஒன்றரை மடங்கு இடைவெளி போதும்.

கண்கள் எட்டும் முன்னுடம்பின் நெற்றியில் ஒரு சிறு மேட்டின்மேல் குவிந்திருக்கின்றன. இருந்தும் அவற்றால் பெரிய பயனில்லை; வெளிச்சம், இருட்டு, அசைவு, அவ்வளவுதான் தெரியும். உலகத்தை அது முடியால்தான் அறிகிறது. கால்களில் மற்ற முடிகளுக்கு நடுவே மிக மெல்லிய சில முடிகள், தனித்தனிக் குழியில் செங்குத்தாக நிற்கும். காற்று இம்மி அசைந்தாலும் அவை அசையும். பெட்டியின் மறுமூலையில் ஒரு சில்வண்டு காலை நகர்த்தினால் இங்கே சிலந்தி ஒரு காலை மட்டும் மெல்ல அந்தத் திசைக்குத் திருப்புகிறது. இதைப் பார்த்த பிறகு குழந்தை பெட்டிக்கு அருகே மூச்சை அடக்கிக்கொள்ளப் பழகிவிட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரை விழுந்தால் கதை வேறு. அதுவரை அசையாதிருந்தது ஒரே பாய்ச்சல். நம் வீட்டு மூலைச் சிலந்திகளின் பற்கள் கிடுக்கியாக எதிரெதிரே கூடும். டாரன்டுலாவுக்கு இரண்டும் இணையாக மேலிருந்து கீழே இறங்கும். பிடித்தபின் அது செய்வதைத்தான் நான் ரசித்துப் பார்ப்பேன். வாயில் இரையோடு கால் நுனிகளில் எழும்பி நின்று, அதே இடத்தில் மெல்லச் சுற்றும். சுற்றும்போது பின்பக்கத்தில் நீண்டிருக்கும் இரண்டு நூற்புறுப்புகளும் விரிந்து மடங்கித் தரையில் பட்டு நூல் இழைக்கும். வயிறு இடமும் வலமும் ஆடும். வளர்ப்பவர்கள் இதை ஹேப்பி டான்ஸ் என்பார்கள். சாப்பாடு மணிக்கணக்கில் நடக்கிறது. செரிமான நீரை வெளியே விட்டு, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் மிஞ்சுவது உருட்டிய ஒரு சிறு உருண்டை. அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும் பழக்கம் பலவற்றுக்கு உண்டு. கிண்ணத்தைக் கழுவுவது குழந்தையின் வேலை.

வீட்டு ஏற்பாடு எளிது. பக்கத்தில் காற்றுத் துளையிட்ட பெட்டி, ஒளிய ஒரு வளைந்த மரப்பட்டை, ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஆழமாக மண். அந்த மண்ணுக்கு அமெரிக்காவில் பலர் போடுவது தேங்காய் நார்த்தூள். இந்தியாவிலும் இலங்கையிலும் செங்கல்லாக அழுத்திக் கப்பலேற்றுகிற அதே நார்த்தூள்தான். பொள்ளாச்சிப் பக்கம் களத்தில் காயப்போட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தூளைச் சிலந்தி இரவில் இடம் மாற்றுகிறது. பற்களாலும் கைகளாலும் ஒரு வாய் மண்ணைக் கவ்வி, நூலால் கட்டி, உருண்டையாக்கி, அணைத்துத் தூக்கிக்கொண்டு பெட்டியின் மறுகோடிக்குப் போய் வைத்துவிட்டு வரும். நாம் அழகாக அமைத்துக் கொடுத்த வீட்டைக் கலைத்துத் தனக்குப் பிடித்தபடி கட்டிக்கொள்ளும் வரை விடாது. அதைத் திருத்தப் போகக் கூடாது.

இவை எல்லாவற்றிலும் உச்சம் சட்டை உரிப்பது. பல வாரங்களுக்கு முன்பே அறிகுறி தெரியும். சாப்பிட மறுக்கும். வயிற்றின் மேல் முடி உதிர்ந்து வழுக்கையான இடம் இருந்தால் அது வெளிறிய நிறத்திலிருந்து கறுத்துக்கொண்டே வரும்; பழைய தோலுக்கு அடியில் புதிய முடி முளைத்து நெருங்கியிருப்பதுதான் வெளியே கறுப்பாகத் தெரிகிறது. பிறகு ஒரு நாள் தரையில் நூலால் படுக்கை விரித்து, அதில் மல்லாந்து படுத்துவிடும். எட்டுக் காலும் மேலே. பெரியவர்களே பதறிப்போகும் காட்சி அது. "செத்துடுச்சா மாமா?" என்று வீடியோ அழைப்பில் குழந்தை கேட்டபோது குரல் உடைந்திருந்தது. சிலந்தி விஷயத்தில் அடையாளம் தலைகீழ். மல்லாந்து கிடந்தால் வளர்கிறது என்று பொருள். நிமிர்ந்த நிலையில் கால்களெல்லாம் வயிற்றுக்கு அடியில் சுருண்டுகொண்டால்தான் பயப்பட வேண்டும். காலை நீட்டும் அழுத்தம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

தொடக்கூடாது, பெட்டியை அசைக்கக்கூடாது, உள்ளே சில்வண்டு இருந்தால் மட்டும் எடுத்துவிட வேண்டும். மென்மையாகக் கிடக்கும் சிலந்தியை அது கடித்துவிடும். பிறகு காத்திருப்பு. முதலில் முன்னுடம்பின் விளிம்பில் ஒரு கீறல் விழுகிறது. குங்குமச் சிமிழின் மூடி திறப்பதுபோல் மேலோடு முழுசாகக் கழன்று ஒரு பக்கம் சாய்கிறது. உள்ளே வெளிறிய, ஈரமான புதுச் சிலந்தி. கால்களை ஒவ்வொன்றாக உருவாமல், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சிறு சிறு உந்தலாக இழுக்கிறது. உந்தல், ஓய்வு, மீண்டும் உந்தல். சில மணி நேரத்தில் பழைய கால்களிலிருந்து புதிய கால்கள் முடியோடு நழுவி வெளியே வந்துவிடுகின்றன. முடியெல்லாம் ஈரத்தில் படிந்திருக்கும். காயக் காயத்தான் சுருளும். பற்கள் அப்போது தூய வெள்ளை. ஓரிரு நாளில் சிவந்து, பிறகு கறுக்கும். கறுத்து இறுகும் வரை, ஒன்றிரண்டு வாரம், இரை போடக் கூடாது.

கழற்றிப் போட்ட தோலை எறிந்துவிடாதீர்கள். இளகலாக இருக்கும்போதே சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு விரித்தால் எல்லாம் தெரியும். எட்டுக் கண்களின் மேல்தோலும் எட்டுக் கண்ணாடிச் சில்லுகளாக அங்கேயே இருக்கும். பற்களின் உறை கறுப்பாக அப்படியே. வயிற்றுப் பக்கத்தின் உள்புறத்தில் நான்கு வெண்ணிறத் திட்டுகள். அவை நுரையீரல்களின் உள்வரிச்சட்டம், அதையும் சேர்த்துத்தான் உரித்திருக்கிறது. முன்னிரு திட்டுகளுக்கு நடுவே ஒரு சிறு மடிப்புப் பை தெரிந்தால் அது பெண். இந்தச் சோதனை குழந்தைக்காக வாங்குபவர்களுக்கு மிக முக்கியம். ஆண் பருவமடைந்தபின் ஓராண்டு போல வாழ்ந்து இறந்துவிடும். பெண் இருபது ஆண்டுக்கு மேலும் இருக்கக்கூடியது. குழந்தை பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், அப்போதும் அந்தச் சிலந்தி வீட்டில் இருக்கலாம். வாங்கும் நாளிலேயே அம்மாவும் அப்பாவும் இதைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அழகு பார்த்த அந்த முடியில் ஒரு தொல்லையும் உண்டு. இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் அமேசான் நதிப் பயணத்தைப் பற்றி 1863-இல் வெளியிட்ட நூலில் இரண்டு செய்திகள் வருகின்றன. அவருக்காக உயிரினங்கள் சேகரித்துக் கொடுத்த பழங்குடிக் குடும்பத்தின் பிள்ளைகள், பெரிய டாரன்டுலா ஒன்றின் இடுப்பில் கயிறு கட்டி வீட்டுக்குள் நடத்திக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறார். குழந்தைக்கும் டாரன்டுலாவுக்கும் உள்ள உறவு நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாவது செய்தி, தான் முதன்முதலாக ஒன்றைப் பதப்படுத்தியபோது கவனமின்றித் தொட்டுவிட்டு, அதன் முடியால் மூன்று நாள் பட்ட அவஸ்தை. அமெரிக்கக் கண்டங்களின் பெரும்பாலான டாரன்டுலாக்களுக்கு வயிற்றின் மேல் முள் வைத்த நுண்முடிகள் உண்டு. தொந்தரவு செய்தால் பின்னங்காலால் தேய்த்து அவற்றைக் காற்றில் பறக்க விடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். சிலந்திப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது கருவிழியில் முடி தைத்துக்கொண்ட ஒருவரைப் பற்றி இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர்கள் 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். கர்லி ஹேர் எளிதில் முடி உதறாது, ஆனாலும் அதற்கும் அந்த முடி உண்டு. பெட்டியைத் திறக்கும் வேலை பெரியவர்களுடையது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, வேலை முடிந்ததும் கை கழுவல். கையில் ஏற்றி விளையாடுவது வேண்டவே வேண்டாம். சிலந்திக்கு அதனால் எந்த இன்பமும் இல்லை, தவறி விழுந்தால் உயிரும் போகும்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பக்கத்திலும் டாரன்டுலாக்கள் இருக்கின்றன. மரப்பொந்துகளில் வாழும் ஒரு பேரினம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே சொந்தம். ஆந்திரத்தின் கூட்டி ஊரில் கிடைத்து 1899-இல் பெயர் பெற்ற நீலச்சிலந்தி அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது. ராமேஸ்வரத்தில் கண்டறியப்பட்டு 2004-இல் பெயர் பெற்றதும் அந்தப் பேரினம்தான். இரண்டுமே அழிவின் விளிம்பில் இருப்பவை. 2019-இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு இந்தப் பேரினம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கால்களின் அடியில் மஞ்சளும் கறுப்பும், முதுகில் கோலமிட்ட வடிவங்களுமாக, அழகில் இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் மின்னல் வேகம். கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும். குழந்தைக்கு ஆகவே ஆகாது. மரப்பொந்தில் கண்டால் தள்ளி நின்று பாருங்கள். பிடிக்காதீர்கள், பிடித்து விற்பவரிடம் வாங்கவும் செய்யாதீர்கள்.

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருந்துகொண்டு பிள்ளைக்கு முதல் டாரன்டுலா தேடுகிறவர்கள், வளர்ப்பவர் வீட்டிலேயே பிறந்த, உரித்த தோலைப் பார்த்துப் பெண் என்று உறுதி செய்த, கால்விரிப்பு இரண்டு மூன்று அங்குலம் வந்துவிட்ட கர்லி ஹேர் ஒன்றை வாங்குங்கள். சுண்டுவிரல் நகமளவு குட்டி மலிவாகக் கிடைக்கும். அதன் முடி கண்ணுக்குத் தெரியவே ஓரிரு ஆண்டு ஆகும் என்பதால் குழந்தைக்கு அது வேண்டாம். கூடவே நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். சிலந்தியைவிட அதற்குக் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை.